பத்தடி பின்னால்

அந்த அம்மா யாரையும் வழிமறித்து நான் பார்த்ததில்லை. மனிதர்களை மட்டும் சொல்லவில்லை. ஏற்காட்டில் ஒரு முதியோர் குடியிருப்பின் பொது இடங்களை வடிவமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதற்காக நான் வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து மலையேறிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில் காட்டெருமை ஒன்று வந்து நின்றது. ஒருவர் தட்டைத் தட்டினார். வாட்ச்மேன் விசில் ஊதினார். மாடியிலிருந்து ஒருவர், நல்ல வெயிலில், அதன் முகத்தில் டார்ச் அடித்தார். அம்மாவின் கணவர் மாட்டைப் பார்த்துச் சற்றுத் தயங்கிவிட்டு, சமையலறையின் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். அம்மாவும் அவர் பின்னாலேயே சுற்றிப் போய் இட்லிக்கு உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"அது போறப்பப் போகுமுங்க. அதுக்குக் காலங்காத்தால என்ன சோலியோ" என்றார்.

அங்கே யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. வீட்டு எண்தான் பெயர். இவர் பதினாலாம் வீட்டு அம்மா. அவருடைய கணவரை மட்டும் எல்லோரும் 'சார்' என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சிறிய உருவம். நூல் சேலைக்குக் கீழே சாம்பல் நிறக் கான்வாஸ் ஷூ. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. சார் நடப்பார், பத்தடி பின்னால் அம்மா நடப்பார். பக்கத்தில் போய்ச் சேரவும் மாட்டார், பின்தங்கவும் மாட்டார். சார் நின்றால் நிற்பார். முதல்முறை பார்த்தபோது இருவருக்கும் ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

குடியிருப்பு இருந்தது ஒரு பழைய காபித் தோட்டத்தில். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி இன்னும் ஏறியிருந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி வீடுகள் கட்டியிருந்தார்கள். விற்கும்போது கொடுத்த விளம்பரத் தாளில் பெரிய புல்வெளி இருந்தது. நிஜத்தில் அங்கே கோடையில் போர்வெல் காற்றைத்தான் கொடுத்தது, தண்ணீர் லாரியில் வந்தது. புல்வெளிக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை என்று சொல்வதுதான் அங்கே என் முதல் வேலை. மழைநீரைச் சரிவிலேயே தேக்கி மண்ணுக்குள் இறக்குவதும், குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாகச் சுத்தம் செய்து செடிகளுக்குப் பாய்ச்சுவதும், வயதானவர்கள் விழாமல் நடக்கப் பாதை போடுவதும் அதற்குப் பிறகு.

குடியிருப்போர் கூட்டத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். புல்வெளி, வில்வமரம், ஷட்டில் கோர்ட், பேரப்பிள்ளைகளுக்கு ஊஞ்சல், குரங்கு தொடாத கொய்யாமரம். கடைசியில் அம்மா எழுந்தார்.

"பாதை எங்கயும் முடியக் கூடாதுங்க."

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், சிரித்த முகக்காரர். "முடியாமன்னா எப்படிங்கம்மா? அப்படியே சேலம் வரைக்கும் போட்டுறச் சொல்லட்டுங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் புரிந்தது. ஞாபகம் போனவர்கள் பாதை முடிகிற இடத்தில் திகைத்து நின்றுவிடுவார்கள், சிலர் அழுவார்கள். வளையமாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதைதான் அவர்களுக்கு நல்லது என்று படித்திருக்கிறேன். சாரைப் பார்த்தேன். அவர் பக்கத்து நாற்காலிக்காரரின் கைக்கடிகாரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே கூட்டத்தில் புல்வெளியா, மழைக்குளமா என்று கை தூக்கச் சொன்னார்கள். அம்மா இரண்டுக்கும் தூக்கினார்.

"ஏதாவது ஒன்னுக்குத்தானுங்கம்மா" என்றார் செயலாளர்.

"ரெண்டு பக்கமும் ஆசப்படறாங்க. நான் எதுக்குங்க குறுக்க?"

எனக்குக் கோபம் வந்தது. குளம் எப்படியோ ஜெயித்தது. பிற்பாடு மழைக்குளத்தில் தவளை கத்துகிறது, தூக்கம் வரவில்லை என்று புகார் வந்தபோதும் அம்மா சொன்னது, "கத்தி முடிக்கட்டுமுங்க" என்பதுதான்.

பாதையைச் சரிவின் மட்டத்தை ஒட்டியே வளைத்தேன். படி கிடையாது, ஒரு பக்கம் முழுக்கக் கைப்பிடி. கைவைத்த பெஞ்சுகள், உட்கார்ந்தவர் தானே ஊன்றி எழுந்திருக்க வசதியாக. முள் இல்லாத, விஷம் இல்லாத, இந்த மலையிலேயே வளரும் செடிகள். எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் சாப்பாட்டுக்கூடத்தின் காபி வாசனைக்கே வந்து சேரும்.

பாதை தயாரானதும் எல்லோரும் சேர்ந்து நடந்து பார்த்தோம். மழைநீர் வாய்க்கால் பாதையைக் கடக்கிற இடத்தில் கறுப்புக் கல் பாவியிருந்தது. சார் அதன் முன் நின்றுவிட்டார்.

"பள்ளமுங்க" என்றார்.

"பள்ளமில்லைங்க சார், கல்லுதான். வாங்க, நான் புடிச்சுக்கறேன்" என்று செயலாளர் கையைப் பிடித்து இழுத்தார். சார் கையை உதறினார். நிறம் திடீரென்று கறுத்தால் அந்தக் கண்களுக்கு அது குழி. நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கல்லின்மேல் விரித்தார். விரித்துவிட்டு, மறுபடி பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டார். 'வாங்க' என்று கூப்பிடவில்லை. சார் துண்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். துண்டின்மேல் வெறுங்காலோடு நடந்து அந்தப் பக்கம் போய், செருப்புக்காகத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் கறுப்புக் கல்லை எடுத்துவிட்டுப் பாதையின் நிறத்திலேயே கல் பாவினோம். அம்மா அதைக் கேட்கவில்லை. போட்ட பிறகு ஒன்றும் சொல்லவும் இல்லை.

சார் அரசு பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்தவர். மலை வண்டிகளை நேரத்துக்கு அனுப்பியவர். இப்போது எதிரே வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "மலை வண்டி எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிருச்சு சார், ஃபுல் லோடு!" என்பார் ஒருவர். "டயர் பஞ்சர் சார், எட்டாவது வளைவுல நிக்குது" என்று இன்னொருவர் சொல்லிக் கண்ணடிப்பார். சார் பதறுவார். அம்மா யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் மட்டும் சாரிடம் வண்டி வந்தது என்றும் சொல்லமாட்டார், வரவில்லை என்றும் சொல்லமாட்டார்.

"போய்ப் பாக்கலாங்க" என்பார்.

சார் புறப்படுவார். சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, கல்வாழைப் பாத்திகளைக் கடந்து, ஒரு வட்டம் முடிவதற்குள் வண்டி மறந்துபோயிருக்கும். காபி டம்ளரோடு உட்கார்ந்துவிடுவார். அம்மாவை அடையாளம் தெரிகிற நாளில் "வா புள்ள, உக்காரு" என்பார். தெரியாத நாளில் "வாங்கம்மா, உக்காருங்க" என்பார். அம்மா இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் உட்காருவார்.

சில மாதங்கள் அப்படிப் போயின. வடிவமைப்பு வேலை செய்கிறது என்று அலுவலகத்துக்கு எழுதினேன்.

அந்த அம்மாவிடம் என்னைச் சங்கடப்படுத்தியதும் இதே குணம்தான். ஆனி மாதத் தூறலில் ஒருநாள் சார் மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி நனைந்துகொண்டிருந்தார். பத்தடி பின்னால் அம்மாவும் நனைந்துகொண்டிருந்தார். கையில் குடை இருந்தது. விரிக்கவில்லை.

"அம்மா, குடையைப் பிடிக்கலாமே?"

"அவருக்கு நனையோணும்னு இருக்குது போலங்க கண்ணு."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, காஞ்சுக்கும்."

இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. நர்ஸ் திட்டித் தீர்த்தார். சர்க்கரை நோய் இருக்கிற சார் யார் வீட்டு விசேஷத்திலோ மூன்று மைசூர்பாகு சாப்பிட்டார், அம்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்று பேசிக்கொண்டார்கள். "புத்தி போனது சாருக்கா, இல்ல அந்தம்மாவுக்கா?" என்று ஒரு பெண்மணி என்னிடமே கேட்டார். பெங்களூரிலிருக்கும் மகள் தீபாவளிக்கு வரவில்லை என்று போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "சரி சாமி, உனக்கு எப்படித் தோதோ" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார். குரலில் எதுவும் இல்லை.

பாதையின் தாழ்வான வளைவுக்குப் பக்கத்தில் பழைய எஸ்டேட்டின் வாசல் இருந்தது. இரண்டு கல்தூண்கள், நடுவே கதவு இல்லை. பக்கத்து ஊரான தலைச்சோலையிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். தாண்டினால் தார்ரோடு, ரோட்டோடு போனால் பஸ் நிற்கும் ஒண்டிக்கடை முக்கு. ஒரு நாள் சார் பாதையில் திரும்பாமல் தூண்களுக்கு நடுவே நேராகப் போய்விட்டார். அம்மாவும் பின்னாலேயே போனார்.

நடந்ததை அம்மாவே என்னிடம் சொன்னார். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஒன்று நின்றிருந்திருக்கிறது. சார் டிரைவர் பக்கம் போய், "ஏனுங்க, டயம் என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார். "டிராபிக்குங்க" என்றாராம் டிரைவர். "கொண்டை ஊசி வளைவுல என்ன டிராபிக்கு? சனம் காத்துக் கெடக்குது, எடுங்க வண்டிய" என்று சார் வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். சாரை ஏதோ அதிகாரி என்று டிரைவர் நினைத்தாரோ என்னவோ, எடுத்துவிட்டார்.

"நொம்ப நாளைக்கப்பறம் இன்னைக்குத்தான் வேல பாத்தாருங்க" என்றார் அம்மா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சார் அடுத்தமுறை அப்படிப் போனது ஐப்பசி மூடுபனியில். எதிரே வந்த லாரியின் விளக்கு தெரிந்தபோது சார் நடுரோட்டில் இருந்தார். அம்மா ஓடியிருக்கிறார், ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். லாரி ஒடித்துத் திரும்பி வாய்க்காலில் இறங்கி நின்றது. வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் சாரைப் பிடித்து ஓரம் கூட்டிப்போனார்கள். சாருக்கு ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது.

செயலாளர் கெட்டவர் இல்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்துதான் சொன்னார். "அம்மா, எங்களுக்கும் மனசு இருக்குதுங்க. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆனா யாருங்க பதில் சொல்றது? வாசலுக்கு கேட் போடறோம். சாரால தொறக்க முடியாத கேட்டா இருக்கணும். அதையும் தொறந்துட்டுப் போனாருன்னா, கீழ சேலத்துல பூட்டி வெச்சுப் பாத்துக்கற எடத்துலதான் சேத்தோணும். அங்க உங்களக் கூடத் தங்க வுடமாட்டாங்க. அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்."

"சித்த டயம் குடுங்க. கண்ணுகிட்டக் கேக்கறேன்" என்றார் அம்மா. கண்ணு என்பது நான்.

அம்மாவுக்கு கேட் வேண்டாம். நேரடியாக அப்படிச் சொல்லவில்லை, "வேற எதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டார். எனக்குத் தெரிந்தவற்றைச் செய்து பார்த்தேன். வாசல் கண்ணில் படாதபடி பாதையின் வளைவை முன்னாலேயே திருப்பினேன். தூண்களுக்கு முன்னால் ஆளுயரச் செடிகளை நெருக்கி நட்டேன், வேலைக்கு வருகிறவர்களுக்குப் பக்கவாட்டில் வழி விட்டேன். சார் திரைச்சீலையை விலக்குவதுபோலச் செடிகளைக் கையால் விலக்கிக்கொண்டு போனார். நல்லவேளை, வாட்ச்மேன் நின்றிருந்தார். செயலாளர் செல்போனில் ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டில் எங்கோ இப்படிப்பட்டவர்களுக்காகப் பொய்யாக ஒரு பஸ் நிறுத்தம் வைத்திருந்தார்கள். கூரை, பெஞ்சு, பலகை எல்லாம் உண்டு, பஸ் மட்டும் வராது. வந்து உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடும். நானும் அதைப் படித்திருந்தேன். செலவு குறைவு, சாருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

"வேண்டாங்க" என்றார் அம்மா. அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். "வராத வண்டிக்கு அவர உக்கார வெக்கறதுங்களா? ஆயுசுக்கும் வண்டிய நேரத்துக்கு அனுப்புன மனுசனுங்க. அவருகிட்டப் போயி வண்டி விசயத்துல நான் பொய் சொல்லமாட்டேனுங்க."

மிச்சமிருந்தது கேட் ஒன்றுதான்.

அன்றைக்கு மாலை குளத்தோரப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. சார் பக்கத்துப் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு விஷயம் பிடிபடாமலே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"மூடுபனில அன்னைக்கு அவரை ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாமேம்மா? நின்னிருப்பார் இல்லையா?"

"நின்னுருப்பாருங்க."

மாவுக்கட்டின்மேல் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கூப்ட்டா திரும்பிப் பாப்பாரு கண்ணு. பாத்தா, இது யாருன்னு யோசிப்பாரு. யோசிக்கறப்ப அந்த மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருமுங்க. நம்ம வாசல்ல வந்து நிக்கற புது ஆளப் பாக்கற மாதிரி. அதப் பாக்க முடியல எனக்கு. பின்னாடி நடந்தா முதுகுதானுங்களே தெரியுது. முதுகு எப்பவும்போலத்தான் இருக்குது."

நான் 'ம்' என்றேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. கேட்டின் அகலம் சக்கர நாற்காலிக்குப் போதுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

கேட்டை ஒண்டிக்கடையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் செய்துகொண்டு வந்தார். பூட்டுப் போட முடியாது. தீப்பிடித்தால் மற்றவர்கள் வெளியேற வேண்டும், காலையில் பெண்கள் உள்ளே வரவேண்டும். மற்ற எல்லோராலும் திறக்க முடிந்து சாரால் மட்டும் முடியாத தாழ்ப்பாள் தேவை. மூன்று வகை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எது என்று சார் கையால்தான் தெரியவேண்டும். அம்மா சாரை அழைத்துவரவில்லை. சார் நடந்து வந்தார், அம்மா பின்னால் வந்தார்.

முதல் தாழ்ப்பாளை சார் நிற்காமலே திறந்துவிட்டார். கேட் தானாகத் திறந்ததுபோல இருந்தது. வாட்ச்மேன் பேச்சுக் கொடுத்து உள்ளே திருப்பினார். பாய் இரண்டாவதை மாட்டினார். தூக்கிவிட்டுத் தள்ளவேண்டும். சார் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், தூக்கினார், தள்ளினார்.

"அட, சாரு நம்ம பட்டறைக்கே வரலாம் போலிருக்குதே" என்றார் பாய். "நம்ம பசங்களுக்கே இத ரெண்டு தடவ சொல்லிக் குடுக்கோணும்."

அம்மாவின் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. மூன்றாவதும் இப்படியே திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதற்கு இரண்டு கையும் வேண்டும். மேலே ஒரு பித்தானை அழுத்திக்கொண்டே, கீழே வெளிப்பக்கமாக இருக்கும் கொக்கியை இழுக்கவேண்டும். சார் கம்பியைப் பிடித்து ஆட்டினார். கீழே பார்த்தார். கொக்கியைத் தொட்டார், இழுத்தார், வரவில்லை. மேலே பார்த்தார். பித்தானை அழுத்தினார், அழுத்திய கையை எடுத்துவிட்டுக் கொக்கிக்குப் போனார். மறுபடி மேலே. மறுபடி கீழே. வெகுநேரம் அப்படிச் செய்தார். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சார் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். பத்தடி தள்ளி அம்மா நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மா, கேட்டு ஏன் பூட்டிக் கெடக்குது?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஸ்ட்ரைக்குங்க" என்றார்.

"ஸ்ட்ரைக்கா?"

"ஆமாங்க. இன்னைக்கு ஒரு வண்டியும் ஓடாதுங்க."

சார் யோசித்தார். "எத்தன நாளைக்காம்?"

"சொல்லலைங்க. பேச்சுவார்த்த நடக்குதாம்."

சார் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அது நடக்கக்கூடிய விஷயமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். கேட்டிலிருந்து ஓரடி விலகி வந்தார். பிறகு அவருக்கு ஏதோ உறைத்தது.

"அப்ப மேல இருக்கற சனம்? பொழுதோட எப்படிங்க ஊடு போய்ச் சேரும்?"

அம்மா நடந்து வந்து சாருக்குப் பக்கத்தில் நின்றார்.

"நடந்து போயிக்குவாங்க."

"மலை எறங்கியா? பாவமுங்க."

"ஆமாங்க" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "கண்ணு, இதையே வெச்சுருங்க."

பாய் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.